யாரும் பாக்கலியே!

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் அம்மா வீடு. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். குறுகலான தெரு. காரை ரிவர்ஸ் எடுக்கும்போது 'கிரக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், எதிர் வீட்டு வாசலில் நின்ற பழைய ஆல்டோவின் பின்பக்க லைட் உடைந்து, பம்பர் ஓரம் உள்ளே போயிருந்தது. மதியம் மூன்று மணி. தெருவில் ஈ, காக்கா இல்லை.

வாசலில் நின்ற அம்மா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "யாரும் பாக்கலடா. பேசாம கெளம்பு. ராத்திரியெல்லாம் கன்டெய்னர் லாரி நிக்கிற தெருதானே... லாரிக்காரன் இடிச்சிட்டான்னு நெனச்சுப்பாங்க."

அம்மா கெட்டவர் இல்லை. மளிகைக் கடையில் பத்து ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டால், வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். தன் பிள்ளை நடுத்தெருவில் நின்று திட்டு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. நானும் ஒன்றும் உத்தமன் இல்லை. மறுபடி ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். அரை நிமிஷம் யோசித்தேன். பிறகுதான் இறங்கினேன்.

அந்த அரை நிமிஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'சின்ன விஷயம்தானே' என்று நாம் சொல்கிறோம். யாருக்குச் சின்னது? இடித்தவனுக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டிக்கு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். அடுத்தவர் பொருளுக்கு வரும் சேதமும் அதில் அடக்கம். ஆனால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு பின்பக்க லைட்டுக்காக யார் வக்கீல் வைப்பார்கள்? சரி, தன் பாலிசியிலேயே கிளெய்ம் செய்யலாம் என்றால், நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டினால் சொந்த சேதத்துக்கான பிரிமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அப்படியே ஐந்து வருஷம் போனால் 50 சதவீதம். ஒரு தப்பும் செய்யாத ஆள், வேறொருவன் இடித்ததற்காக அதை இழக்க வேண்டும். பழைய வண்டி வைத்திருக்கிற பலர் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அதுவும் கிடையாது. முழுப் பணமும் கையிலிருந்து.

நான் சத்தமில்லாமல் போயிருந்தால், என் பில்லை எதிர் வீட்டுக்காரர் கட்டியிருப்பார். இதற்குப் பெயர் சாமர்த்தியம் இல்லை, திருட்டு. பாக்கெட்டில் கை விடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அடுத்தது, லாரிக்காரர். வடசென்னையில் எது நசுங்கினாலும் பழி அவர் மேல்தான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்று, வண்டிக்குள்ளேயே தூங்கிச் சாப்பிடுகிற ஆள் அவர். அவர் எதிலுமே மோதுவதில்லை என்று சொல்ல வரவில்லை. மோதுகிறார், மோதிவிட்டு நிற்காமல் போகிறவர்களும் உண்டு. ஆனால் கார் வைத்திருக்கிற நான் செய்ததையும் அவர் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

'ஏன் நிக்காம போறீங்க?' என்று எந்த டிரைவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "நின்னா அடிப்பாங்க சார்." இது வெறும் சாக்கு இல்லை, சட்டத்துக்கே தெரிந்த உண்மை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு, ஆளுக்கு அடிபட்டாலோ அடுத்தவர் பொருளுக்குச் சேதம் வந்தாலோ டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் ஒழிய! அப்படியொரு விலக்கைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டிய நிலையில்தான் நம் தெருக்கள் இருக்கின்றன.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) உட்பிரிவு, விபத்தில் ஒருவர் இறந்து, டிரைவர் போலீஸுக்குச் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 வருஷம் வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் நாட்டின் பல பகுதிகளில் லாரி டிரைவர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அந்த வருஷம் ஜூலை 1-ல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். ஓடினால் ஜெயில், நின்றால் உதை. ஒப்புக்கொள்ள ஒரு வழியும் விடாமல் ஒப்புக்கொள் என்றால் எவன் ஒப்புக்கொள்வான்?

சரி, உதைக்குப் பயந்து ஓடுகிறவரையாவது புரிந்துகொள்ளலாம். யாரும் கை வைக்க முடியாத உயரத்தில் இருப்பவர்கள் இதே வடசென்னையில் என்ன செய்தார்கள்?

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் மாசு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகம் முதலில் அறிவித்தது. அப்புறம் எர்ணாவூர் கரையில் தார் மாதிரி கறுப்பாக எண்ணெய் ஒதுங்கியது. அதை ஜனங்கள் பக்கெட்டில் அள்ளியதை ஊரே பார்த்தது.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். எண்ணூர் கழிமுகம் முழுக்க எண்ணெய். மணலியில் இருக்கிற சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, எங்கள் குழாய்களில் கசிவே இல்லை என்றது. ஆலைப் பகுதியில் தேங்கிக் கிடந்த எண்ணெயைத்தான் வெள்ளம் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக ஆற்றுக்குக் கொண்டுவந்தது, ஆலையின் மழைநீர் ஏற்பாடு சரியில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் படகு, வலை எல்லாம் கறுப்பு. மீனவருக்குப் படகுதானே வண்டி? பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தது தமிழக அரசு. அரசுப் பணம் என்றால் நம் பணம். இங்கேயும் முதல் பில் இடிக்காதவன் தலையில்!

'ஒரு லைட் உடைஞ்சதுக்கு கப்பல் வரைக்கும் போகணுமா?' என்று கேட்பீர்கள். போகணும். 'கசிவு இல்லை' என்று அறிக்கை எழுதுகிற அதிகாரியும் ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்தவர்தான். கண்ணாடி டம்ளரை உடைத்த குழந்தை, 'நான்தான்' என்று சொன்னால் முதுகில் ஒன்று விழும். பூனை தட்டிவிட்டது என்று சொன்னால் தப்பிக்கும். நம் வீடுகளில் உண்மைக்குத்தான் உதை. இப்படி முப்பது வருஷம் பழகியவர் ஆபீசில் போய் உட்கார்ந்ததும் பூனைக்குப் பதில் புயலைக் கைகாட்டுகிறார்.

அன்றைக்கு அம்மா கடைசியாக ஒன்று சொன்னார். "ஒனக்கென்ன, நீ கார்ல போயிடுவ. தெனம் அவங்க மூஞ்சில முழிக்கப் போறது நான்." அவர் சொன்னது நியாயம். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளை பொய்யை விட்டுவிட்டுப் போய்விடுவான். அதைத் தினமும் எதிர் வீட்டு முன்னால் காப்பாற்ற வேண்டியவர் எழுபது வயது அம்மா. பெற்றவர் வீட்டு வாசலில் நாம் விட்டுவிட்டுப் போகிற கடன்களில் மோசமானது அதுதான்.

காலிங்பெல்லை அடித்தேன். எதிர் வீட்டுக்காரர் ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பின்னாடி பாத்து எடுக்கத் தெரியாதா? என்னத்த படிச்சீங்க?" என்று பத்து நிமிஷம் கத்தினார். தலையைக் குனிந்து நின்றேன். அது எனக்கு வர வேண்டிய பாக்கிதான். டிங்கரிங், பெயின்டிங், லைட் எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் ஆனது. கொடுத்தேன்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டவர், உள்ளே போகும்போது திரும்பிச் சொன்னார்: "நீ வந்து சொல்லலேன்னா, நேத்து ராத்திரி இங்க நிறுத்தியிருந்த லாரிக்காரனைத்தான் இன்னைக்கு நாலு பேரோட போய்ப் புடிச்சிருப்பேன்."