எடையைப் பற்றி எவரும் கேட்பதில்லை

வேகமான கார் எது என்று எமது இளைஞர்களிடம் கேட்டுப் பாருங்கள். இயந்திரத்தின் கொள்ளளவைச் சொல்வார்கள், குதிரைவலுவைச் சொல்வார்கள். அந்த வலு எத்தனை கிலோவை இழுக்கிறது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. உண்மையில் வாகனத்தின் பாய்ச்சலைத் தீர்மானிப்பது வலு மட்டுமன்று; வலுவை எடையால் வகுத்து வரும் எண்ணே.

ஓர் உதாரணம் தருகிறேன். பிரித்தானியாவில் 1957 இல் கொலின் சப்மன் உருவாக்கிய 'லோட்டஸ் செவன்' என்ற சிறிய காரை உதிரிகளாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அவ்வாறு வாங்கினால் அந்நாளைய கொள்வனவு வரி இல்லை. 1973 இல் அதன் உரிமையைக் கேற்றர்ஹாம் நிறுவனம் பெற்றது. அந்நிறுவனம் 2013 இல் அறிமுகப்படுத்திய 'செவன் 160' இல் இருப்பது சுசுக்கியின் 660 சீசீ டர்போ இயந்திரம். வலு 80 குதிரை. எடை 490 கிலோ. தொன்னுக்கு 163 குதிரைவலு வருகிறது. 150 குதிரைவலுவும் 1,500 கிலோ எடையும் கொண்ட ஒரு பெரிய காருக்கு வருவதோ நூறுதான்.

இதே குடும்பத்து 660 சீசீ இயந்திரம் ஏ9 வீதியில் தினமும் ஓடுகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பொதி ஏற்றும் 'எவரி' வான்களில் அதனைக் காணலாம். இங்கே அரிசி மூட்டை இழுக்கும் இயந்திரம், அங்கே விளையாட்டுக் காரை ஓட்டுகிறது. இடையிலுள்ள பெரிய வேறுபாடு எடை.

டர்போவின் வேலை எளிது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சுழலி நிமிடத்துக்கு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. அது காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. காற்றுக் கூடினால் எரிபொருளும் கூட எரியும். சிறிய இயந்திரம் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். இலங்கைக்கு இது பந்தயத்தின் வழியாக வரவில்லை, வரியின் வழியாக வந்தது. பெற்றோல் கார்களின் உற்பத்தி வரி இங்கே சீசீ கணக்கில் அறவிடப்படுவதால், 1,000 சீசீக்கு உட்பட்ட டர்போ கார்களை மக்கள் தேடினார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிய பின்னரும் இதே கணக்குத்தான். வரி விதிப்பவர்கள் சீசீயை அளக்கிறார்கள், எடையை அளப்பதில்லை. ஆனால் வீதியைத் தேய்ப்பதும், சைக்கிளில் செல்லும் மாணவியை மோதும்போது அதிகம் தாக்குவதும் எடைதானே?

இலேசான வாகனத்துக்கு ஒரு குறையும் உண்டு. சொல்லப்பட்ட செவன் காரில் 75 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால், தொன்னுக்கு 163 ஆக இருந்த கணக்கு 125 ஆகிவிடும். பெரிய காரில் நூறு, 91 ஆகும்; அவ்வளவே. விளம்பரத்தில் காணும் எண் வெறும் வாகனத்துக்கு உரியது. மூவர் ஏறிய மோட்டார் சைக்கிளின் முடுக்கமும் தடுப்பும் இதனாலேயே மாறிவிடுகின்றன. இதைப் பள்ளிக்கூடத்திலேயே கற்பிக்க வேண்டும்.

வன்னிக்கு இந்தக் கணக்குப் புதிதன்று. 1990 தொடங்கி 2002 போர்நிறுத்தம் வரை நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நான் கண்டிருக்கிறேன். சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனைத் தாங்கின. இன்றைய டர்போ இயந்திரம் தாங்காது, தட்டல் எழுந்து உடைந்துவிடும். பத்துக் குதிரைவலுவுக்கும் குறைந்த லாண்ட்மாஸ்டர்கள், 2008, 2009 இடப்பெயர்வுகளில் குடும்பங்களையும் கூரைத் தகரங்களையும் சேர்த்தே இழுத்தன. தாழ்ந்த கியரில் வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெறுவது எப்படி என்பது எமது கராஜ்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் பட்டமில்லை, அறிவு இருந்தது. அந்தத் தலைமுறை முதுமை அடைகிறது. அவர்களுடைய கைப்பழக்கத்தை எவரும் எழுதி வைக்கவில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையமும் ஒரே சூழலில் இயங்குகின்றன. கணக்குத் தெரிந்தவர்களும் கைவேலை தெரிந்தவர்களும் அருகருகே இருக்கிறார்கள். 1981 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'போர்முலா எஸ்ஏஈ' மாணவர் போட்டியின் விதிகள் 710 சீசீ வரையான இயந்திரத்தை அனுமதிக்கின்றன, டர்போவுக்கும் இடமுண்டு. வீதிப் பதிவு தேவையில்லை, மைதானம் போதும். உடைந்த வான் ஒன்றின் 660 சீசீ இயந்திரத்தோடு பயிற்சியைத் தொடங்கலாம். இத்தகைய காரில் காற்றுப் பையோ பெரிய கூண்டோ இருக்காது என்பதால், அதனைப் பொது வீதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. செய்து பழகும் பிள்ளை எதையும் செய்யத் துணியும் என்பதே என் எண்ணம்.

புலம்பெயர்ந்த உறவுகளே, ஊருக்குப் பணம் அனுப்பும்போது கோயில் கோபுரத்தோடு ஒரு வெல்டிங் இயந்திரத்தையும், ஒரு கடைசல் இயந்திரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதிய கராஜ்காரர் ஒருவரை மாதத்தில் இரு நாள் மாணவர்முன் நிறுத்துவதற்கு நீங்கள் தரும் படியே போதும். பத்தாண்டு கழித்துச் செய்ய நினைத்தால், அழைக்க ஆளிருக்காது.