சில்லறைக் காசுக்கும் கணக்கு வேண்டும்

பேராதனைப் பாலத்தின் கீழ் ஓடும் மகாவலி கண்டியைச் சுற்றிச் சென்று விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1985இல் திறக்கப்பட்ட அந்த அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. வயலையும் வீட்டையும் இழந்த குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. அதே தெல்தெனியவில்தான் 1906இல் இலங்கையின் முதலாவது சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அதற்கான சட்டம் 1911இல்தான் வந்தது. ஊர் மூழ்கினாலும் அந்த வழக்கம் மூழ்கவில்லை, நாடெங்கும் பரவியது.

நிலத்தை விட்டு வந்த எம்மவர்கள் இன்று நாற்று வளர்த்தும், மிளகாய்த்தூள் அரைத்தும், ஊறுகாய் போட்டும் குழுக்களாகப் பிழைக்கிறார்கள். இக்குழுக்களை உடைப்பது பெரும்பாலும் பெரிய களவு அல்ல. பஸ் காசும் பொலித்தீன் பைக் காசும்தான். "எங்கே போனது?" என்ற ஒரு கேள்வி போதும், இரண்டு குடும்பங்கள் பேசாமல் விடுவதற்கு.

இதற்கு வழி கடினமானதல்ல. குழு கூடி, உதாரணமாக 3,000 ரூபாவை ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு துண்டு எழுதட்டும்: திகதி, காரணம், தொகை, கையொப்பம். பஸ்ஸில் பற்றுச்சீட்டு கிடைக்காவிட்டாலும் துண்டு எழுதத் தடையில்லை. மாத முடிவில் பயணம் 640, பைகள் 900, போட்டோப் பிரதி 260 என்று 1,800 ரூபா செலவாகியிருந்தால், பெட்டியில் 1,200 இருக்க வேண்டும். துண்டுகளைப் பார்த்துச் சரியாக 1,800 ரூபாவையே பொருளாளர் திருப்பிக் கொடுப்பார். பெட்டியில் மீண்டும் 3,000 இருக்கும். எந்த நாளில் எண்ணினாலும் காசும் துண்டுகளும் சேர்ந்து 3,000 வரவேண்டும். வராவிட்டால் அன்றே கேட்கலாம். வருட முடிவில் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

காசேட்டில் "சில்லறைச் செலவு 1,800" என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது போதாது. பயணம், பை, பிரதி என்று பிரித்தே எழுத வேண்டும். துண்டு எழுதியபோது ஒரு தடவையும் பணம் திருப்பிக் கொடுத்தபோது இன்னொரு தடவையும் அதே செலவைப் பதியவும் கூடாது. பிரித்து எழுதினால்தான் ஒரு போத்தல் ஊறுகாய்க்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியும். தெரியாதவர் நட்டத்துக்கு விற்றுவிட்டு இலாபம் என்று நினைப்பார்.

இதில் நீதியும் அடங்கியிருக்கிறது. கூட்டத்துக்கும் கந்தோருக்கும் தன் கைக்காசில் போய்வரும் பெண், கேட்க வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடுகிறாள். சில மாதங்களில் பொறுப்பிலிருந்தும் விலகுகிறாள். பிறகு கையில் காசுள்ளவர்கள் மட்டுமே தலைவராகவும் செயலாளராகவும் இருப்பார்கள். செலவழித்த காசு தாமதமின்றித் திரும்பிக் கிடைக்கும் குழுவில்தான் ஏழையும் தலைமை தாங்க முடியும்.

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் புனித பவுல் தனியே கொண்டுபோகவில்லை. யாரும் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது என்று மற்றவர்களையும் உடன் சேர்த்தார். கணக்குக் கேட்பது சந்தேகமல்ல, கணக்குக் காட்டுவது அவமானமுமல்ல. காசு வைத்திருப்பவரின் நல்ல பெயருக்கு அதுவே காவல்.

அடுத்த கூட்டத்திலேயே ஒரு பெட்டி, ஒரு கொப்பி, ஒரு தொகை என்று தீர்மானியுங்கள். காசு வைத்திருப்பவர் ஒருவர், எண்ணிப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கட்டும். நிலத்தை இழந்த நாம் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட நம்பிக்கையையும் இழக்கலாகாது.