சீட்டைப் படிக்காதே, எண்ணிப் பார்

நான் வங்கியில் எழுத்தர். காசாளர் இருக்கையில் உட்காரும் நாட்களில் நோட்டுக் கட்டு வந்தால், மேலே ஒட்டிய சீட்டில் நூறு என்று எழுதியிருக்கிறதே என்று அப்படியே பெட்டியில் போடுவதில்லை. கொண்டு வந்தவர் மில் முதலாளியானாலும் கீரைக்காரம்மாவானாலும் எண்ணித்தான் வாங்குகிறேன். குறைந்தால் என் கையிலிருந்து கட்ட வேண்டும். இந்தச் சாதாரண புத்தி எஞ்சின் வேலையில் மட்டும் எங்கே போகிறது?

சித்தப்பாவிடம் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. கல்யாணம், கோயில் என்று வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பம் நடக்கிறது. எஞ்சின் தேய்ந்து இழுவை போனது. சித்தியின் சங்கிலியை அடகு வைத்து எஞ்சினை இறக்கினார். லேத்தில் ப்ளாக்கை 40 தவ் ஓவர்சைஸுக்குப் போர் போட்டார்கள். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிஸ்டன் வந்தது, ரிங் வந்தது. பெட்டியில் 40 என்று அச்சடித்திருந்தது. மாட்டினார்கள். முதல் வாடகையிலேயே பின்னால் நீலப் புகை. தண்ணீர் மாதிரி ஆயிலைக் குடித்தது.

மறுபடி இறக்கினோம். ஒரு ரிங்கைக் கழற்றித் துளைக்குள் வைத்துப் பார்த்தால், இரண்டு முனைக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் வாய் பிளந்து கிடக்கிறது. பெட்டிதான் 40, உள்ளே இருந்தது 20 ரிங். கடைக்காரர் கையை விரித்தார்: "மாட்டின சாமானை எடுக்க மாட்டோம்." பட்டறை முதலாளி, மாட்டிய பையனின் கூலியில் பிடித்தார். "வேலை தெரியாத பய" என்ற பட்டமும் கிடைத்தது. அவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, அச்சடிச்சதே தப்பா இருக்கும்னு யாருண்ணே நெனப்பா?"

அளக்காதது தப்புதான். ஆனால் அந்தப் பட்டறையில் பையன்கள் கைக்கு ஒரு ஃபீலர் கேஜ்கூடக் கொடுத்ததில்லை. அளக்கும் கருவி முதலாளி மேஜையில், பழி மட்டும் பையன் தலையில். இது என்ன நியாயம்?

சொந்தக்காரர்கள் வேறு தீர்ப்புச் சொன்னார்கள்: "ஒரிஜினல் வாங்கியிருக்கணும்." எங்கே போய் வாங்குவது? உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. இனி அந்த வண்டி ஓடுவதே வெளிச்சந்தை உதிரிபாகத்தால்தான். கார் கம்பெனிக்குப் பிஸ்டன் செய்து கொடுக்கும் தொழிற்சாலையே தன் பெயரில் வெளியிலும் விற்பது உண்டு. ஒரிஜினல் பெட்டியிலும் தப்பு ரிங் வரலாம். புதுப்பேட்டைச் சந்தில் வாங்கியது கச்சிதமாக உட்காரலாம். ஒரு பொருளிடம் பிறந்த இடத்தைக் கேட்காதே. பொருந்துகிறதா என்று பார்.

எப்படிப் பார்ப்பது? மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலில் பிஸ்டன் கையில் வர வேண்டும், பிறகுதான் போர். நான்கையும் தனித்தனியாக, பின்னுக்குக் குறுக்கே பாவாடைப் பகுதியில் மைக்ரோமீட்டரால் அளந்து, அந்த அளவுக்கு ஏற்ப லேத்காரர் துளை போட வேண்டும். துளையையும் மேலே, நடுவே, கீழே, இரண்டு திசையில் அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடைவெளி.

ரிங்கைத் தனியாகத் துளைக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துச் சமமாகத் தள்ளி, முனை இடைவெளியில் ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்கணும். அங்குல விட்டத்துக்குச் சுமார் 4 தவ் என்பது பொதுக்கணக்கு. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் துளை 73 மில்லிமீட்டர் சொச்சம். ஆக 11, 12 தவ் வரும். குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும், துளையைக் கீறும். அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். கூடிப்போனதை ஒட்ட முடியாது. சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதனால் விட்டத்தில் 20 தவ் குறைந்த ரிங் முனையில் 63 தவ் கூடுதலாகப் பிளக்கும். சித்தப்பா வண்டியில் நடந்தது இந்தக் கணக்குதான். ஒரு நிமிஷ வேலை, ஒரு சங்கிலியைக் காப்பாற்றியிருக்கும்.

பேரிங்கும் அப்படித்தான். கிராங்கை 10 தவ் கடைந்தால் பெட்டியில் 10 இருப்பது போதாது. மெல்லிய பிளாஸ்டிக் இழையை வைத்து, மூடியை உரிய முறுக்கத்தில் இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, இழை நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட வேண்டும். ஆயில் துளை நேராக இருக்கிறதா என்றும் பார்க்கணும். ஹெட் கேஸ்கட்டை ப்ளாக் மேல் விரித்து, தண்ணீர்த் துளை, ஆயில் துளை மறைகிறதா, பெரிதாக்கிய துளைக்குள் விளிம்பு நீட்டுகிறதா என்று கண்ணாலேயே காணலாம்.

"கைப்பதம் தெரிஞ்சவனுக்கு அளவு எதுக்கு?" என்று மூத்த மெக்கானிக்குகள் கேட்பார்கள். கைப்பதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தகராறு வரும்போது கடைக்காரரிடம் கைப்பதம் பேசாது. தாளில் எழுதிய அளவு பேசும். மாட்டுவதற்கு முன் அளந்து, எழுதி, பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்தால் "மாட்டின சாமான்" என்ற பேச்சுக்கே இடமில்லை. அளவு என்பது உழைப்பவன் கையிலுள்ள சாட்சி.

ஐடிஐ படிக்கும் தம்பிகளே, முதல் கூலியில் ஒரு ஃபீலர் கேஜ் வாங்குங்கள். பட்டறைக்கு ஒரு மைக்ரோமீட்டர் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், பெட்டியை நம்பி மாட்டியதற்குக் கூலியில் பிடிக்காதே என்று கேளுங்கள்.

அந்தப் பையன் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறான். சட்டைப் பையில் ஃபீலர் கேஜ் வைத்திருக்கிறான். சித்தியின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.