தலைமயிரில் ஒட்டிய விலைச்சீட்டு

ஆங்கிலத்தில் தலைமயிரின் நிறத்துக்கு எத்தனை சொற்கள், தமிழில் கறுப்பையும் நரையையும் செம்பட்டையையும் விட்டால் என்ன கிடக்கு எண்டு வியக்கிற கூட்டம் ஒன்று எங்களுக்குள் இருக்கிறது. பழைய ஆங்கில நாவல் நாலைந்து வாசித்தவுடன் வருகிற வியாதி இது. ஓபேர்ன், பிளாக்ஸன், புரூனெட், டிஷன், செஸ்நட்... சொல்லும்போதே வாய் இனிக்கும். இனிக்கட்டும். ஆனால் இவற்றை வெறும் நிறப்பெயர்கள் எண்டு நம்பி வாசிக்கிறதும் மொழிபெயர்க்கிறதும்தான் பிழை. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை மயிரைப் பார்த்து வைத்தவை இல்லை. அந்தத் தலைக்குரிய ஆளை எடைபோட்டு வைத்தவை.

ஓபேர்னை எடுங்கள். இதன் வேர், இலத்தீனில் வெள்ளையைக் குறிக்கிற 'அல்புஸ்'. அதிலிருந்து வந்த 'அல்புர்னுஸ்' என்றால் வெண்மை சாயல் கொண்டது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அது வெளிறிய மயிரைத்தான் சொன்னது. பிறகு ஆட்கள் காதில் விழுந்தபடி அப்ரன், அப்ரவுன் என்றெல்லாம் எழுதத் தொடங்கினார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அந்த எழுத்துக்கூட்டலுக்குள் 'பிரவுன்' வந்து குந்திக்கொண்டு பொருளையும் தன் பக்கம் இழுத்தது. வெள்ளைச் சொல் செம்பழுப்புச் சொல்லாகிவிட்டது. நிறம் தலைகீழானாலும் ஒன்று மட்டும் மாறவில்லை: ஓபேர்ன் என்றால் அது நல்ல மயிர், பார்க்கத் தகுந்த மயிர்.

அதை எல். எம். மொன்ட்கொமரி நல்லா விளங்கி வைத்திருந்தார். 1908இல் வந்த அவருடைய 'ஆன் ஒஃப் கிறீன் கேபிள்ஸ்' நாவலில் அநாதைப் பிள்ளை ஆனுக்குச் சிவப்பு மயிர். வகுப்பில் கில்பேர்ட் அவளைக் 'கரட்' எண்டு கூப்பிட, அவள் சிலேட்டை அவன் தலையில் உடைக்கிறாள். ஊர் சுற்றுகிற வியாபாரியிடம் சாயம் வாங்கிக் கறுப்பாக்கப் போய், மயிர் பச்சையாகிவிடுகிறது. அவளுக்கு ஆறுதல் தந்தது, வளர வளர அது ஓபேர்னாக மாறலாம் என்று அயல்வீட்டுப் பெண்மணி சொன்ன பேச்சுத்தான். கரட்டுக்கும் ஓபேர்னுக்கும் நடுவில் இருக்கிறது கொஞ்சம் கருஞ்சாயல் மட்டுமா? கேலி செய்யப்படுகிற அநாதைக்கும் மதிக்கப்படுகிற குமருக்கும் இடையில் இருக்கிற தூரம் அது.

இதே சிவப்புக்கு மூன்றாவது விலையும் உண்டு. 1576இல் இறந்த வெனிஸ் ஓவியர் டிஷன் தன் படங்களில் பெண்களுக்குத் தீட்டிய செம்பொன் மயிரால் அவர் பெயரே ஒரு நிறமாகிவிட்டது. மியூசியம் போய்ப் படம் பார்க்கிற வசதி உள்ள வர்க்கம் பாவித்த சொல். இன்னொரு பக்கம், மத்தியகால ஐரோப்பிய ஓவியங்களில் யூதாசுக்குச் சிவப்பு மயிர் வரைவார்கள், காட்டிக்கொடுத்தவனின் நிறம். ஒரே சிவப்பு. தெருவில் நிற்கிற பெடியனுக்குக் கரட், சீமாட்டிக்கு டிஷன், துரோகிக்கு யூதாஸ்.

(செம்மயிர்க்காரரைக் கேலி செய்கிற 'ஜிஞ்சர்' என்ற சொல்லில் எங்களுக்கும் பங்கு உண்டு. 'இஞ்சிவேர்' பாளியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கம், இலத்தீன், பிரெஞ்சு எல்லாம் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது என்றுதான் மொழியியலாளர் பலர் சொல்கிறார்கள். இதுக்காகப் பெருமைப்பட்டு ஆரும் மீம் போட வேண்டாம்.)

அடுத்தது ஆளிச் செடி. லினன் துணிக்கு நார் தருவது. அந்த நாரைச் சீவும்போது நீளமான மெல்லிய இழை ஒரு பக்கம் சேரும். அறுந்த, குட்டையான கழிவு நார் மற்றப் பக்கம் விழும். அந்தக் கழிவுக்கு 'டோ' என்று பெயர். வெளிறிய மஞ்சள் மயிருக்கு இந்த ஒரே செடியிலிருந்து ஆங்கிலம் இரண்டு சொல் எடுத்தது. செடியின் பெயரில் வருகிற பிளாக்ஸன், பொம்மைக்கும் பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் போகும். 'டோ-ஹெட்' வருகிற இடங்களில் பெரும்பாலும் ஒரு நாட்டுப்புறப் பொடியன் புழுதிக்குள் நிற்பான்.

ஆண்-பெண் கணக்கு இன்னும் வெளிப்படை. புரூனெட் என்பது பிரெஞ்சில் பெண்பால். பழுப்புக்காரி என்பதைச் செல்லமாகச் சுருக்கியது. ஆண்பால் வடிவம் ஒன்று இருந்தும் ஆங்கிலம் அதை அனேகமாகத் தொடவே இல்லை. ஆணுக்குக் கரிய மயிர் இருக்கும், அவ்வளவுதான். பெண் மட்டும் ஒரு 'புரூனெட்', ஒரு 'புளொண்ட்', மயிரே ஆளாகிவிடும். 1931இல் ஹொலிவூட் ஜீன் ஹார்லோவின் வெளுத்த மயிரை விற்க ஒரு படத்துக்கே 'பிளாட்டினம் புளொண்ட்' என்று பெயர் வைத்தது. உலோகத்தின் விலையையே நேராகத் தலையில் ஒட்டிவிட்டார்கள், ஒளிவு மறைவு இல்லை. நரைக்கு வந்தால், போர் கண்ட தளபதிக்கும் கப்பல் தலைவனுக்கும் 'கிறிஸில்ட்' என்ற கம்பீரம் காத்திருக்கிறது. பளபளப்பில்லாத பழுப்பு மயிர்க்காரிக்கு 'மவுசி', அதாவது எலி நிறம்.

எல்லாவற்றையும்விட மோசமானது 'ஃபெயார்'. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழகு என்று மட்டும்தான் பொருள். பிறகு வெளிறிய மயிரும் வெளிறிய தோலும் அதே சொல்லுக்குள் ஏறிக்கொண்டன. அழகு வேறு, வெளுப்பு வேறு என்று சொல்ல அந்தச் சொல்லுக்கே வழியில்லாமல் போனது. அந்தச் சரக்குத்தான் கப்பலேறி வந்து இண்டைக்கும் எங்கட கலியாண விளம்பரங்களில் குந்தியிருக்கிறது.

இதுக்காக 'எங்கட மொழி தூய்மை' எண்டு மார்தட்டவும் ஏலாது. எல்லாத் தலையும் கறுப்பாக இருந்த ஊரில் தமிழ் நிறத்தை விட்டுவிட்டு ஒப்பனைக்கும் வடிவத்துக்கும் போனது: ஐம்பால், ஓதி, கதுப்பு, அளகம், ஆற்று மணலின் நெளிவைக் காட்டுகிற அறல். பெண்ணுக்குக் கூந்தல், ஆணுக்குக் குஞ்சி என்று பிரித்தும் வைத்தது. எண்ணெய் காணாத ஏழைத் தலையைச் 'செம்பட்டை' எண்டு கூப்பிடுகிறவை கில்பேர்டைவிட நல்லவை இல்லை.

அதனால்தான் மொழிபெயர்ப்பில் எனக்குக் கோபம் வருகிறது. பிளாக்ஸனும் பொன்னிறக் கூந்தல், டோவும் பொன்னிறக் கூந்தல், புளொண்டும் பொன்னிறக் கூந்தல். எழுதினவர் ஒரு பாத்திரத்தை மட்டம் தட்டின இடத்தில் நாங்கள் பூச்சூடி விடுகிறோம். கரட்டையும் ஓபேர்னையும் 'செந்நிறம்' என்று ஒன்றாக்கிவிட்டால், ஆன் ஏன் சிலேட்டை உடைத்தாள் என்று தமிழில் வாசிக்கிற பிள்ளைக்கு எப்படி விளங்கும்? பிளாக்ஸனைப் பட்டுநூல் கூந்தல் எண்டு எழுதுங்கோ. டோ-ஹெட்டுக்கு எங்கட வீட்டு மூலையிலேயே சொல் கிடக்கு: தும்புத்தலை. தும்பு மண்ணிறம், டோ வெளிர்மஞ்சள். நிறம் பிழைச்சுப்போகும், போகட்டும். அந்தப் பொடியனை ஊர் எந்தக் கண்ணால் பார்த்தது என்பது பிழைக்காது.