கேக்குக்குப் புளி அப்பிள்தான் வேண்டும்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் நான் கடையில் அப்பிள் வாங்குவதில்லை. நாங்கள் இருப்பது ஜேர்மனியின் தெற்கே, சுவேபிய மலையடிவாரத்தில். ஊரைச் சுற்றிப் புல்வெளி. அதில் தள்ளித்தள்ளி நிற்கும் உயரமான பழமரங்கள். 'ஸ்ட்ரொய்ஒப்ஸ்ட்' என்பார்கள். அங்கே காய்க்கும் பொஸ்கோப் என்ற புளி அப்பிள்தான் என் வீட்டு அப்பிள் கேக்குக்கு.

வந்த புதிதில் கடையில் மினுங்கிய சிவப்பு அப்பிளை வாங்கி கேக் போட்டு, மேல்வீட்டு ஓமாவுக்கு, அதாவது பாட்டிக்கு, கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார். "இனிப்புக்குள்ளே இனிப்பைப் போட்டால் அப்பிள் எங்கே தெரியும்?" என்று கேட்டார். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு வாளி பொஸ்கோப் இருந்தது. சொரசொரத்த தோல், துருப்பிடித்த நிறம். கடித்தால் பல் கூசும். ஆனால் அந்தப் புளிப்பு அடுப்புச் சூட்டிலும் போகாது.

கறுத்தக்கொழும்பான் மாங்காயை நாங்கள் ஊறுகாய்க்கு வெட்டுவோமா? எந்த மாங்காய் எதற்கென்று தெரிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஓமா சொல்லித்தந்த அளவையே இன்றும் வைத்திருக்கிறேன். பட்டர் 125 கிராம், சீனி 125 கிராம், முட்டை மூன்று, கோதுமை மா 200 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் பால். அப்பிளைத் தோல் சீவி, பாதியாக்கி, விதைப்பகுதியை எடுத்துவிட்டு, முதுகில் நெருக்கமாகக் கீற வேண்டும். அடிவரை வெட்டக் கூடாது. மாவின் மேல் முதுகு தெரிய அடுக்கி, 180 பாகையில் முக்கால் மணி நேரம். மா பொங்கி எழும்ப அப்பிள் உள்ளே அமிழும். அதனால்தான் இதற்கு 'மூழ்கிய அப்பிள் கேக்' என்று பெயர். எங்கள் ஆட்கள் பலர் கறுவாத்தூளை அள்ளிக் கொட்டுகிறார்கள். வேண்டாம். நல்ல அப்பிளுக்கு அது தேவையே இல்லை.

இப்போது கடைகளில் இனிப்பு அப்பிள்தான் முன்வரிசையில் இருக்கிறது. உயர மரத்தில் ஏணி வைத்து ஏற ஆளில்லை. கிளை வெட்டாத மரம் சீக்கிரம் முதிர்ந்து முறிகிறது. 2021இல் ஜேர்மன் யுனெஸ்கோ ஆணையம் இந்தப் பழத்தோட்ட முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் வந்து பழம் ஆயாது. அந்தப் பழம் யாராவது ஒருவரின் அடுப்புக்குள் போனால்தான் மரத்துக்கும் ஆள் வரும். அதனால்தான் கேட்கிறேன்: இங்கே இருப்பவர்கள் இந்த ஒரு கேக்கையாவது தோட்டத்து அப்பிளில் போடுங்கள்.

சில ஊர்களில் உரிமையாளர்களே மரத்தில் மஞ்சள் நாடா கட்டிவிடுகிறார்கள், யாரும் ஆயலாம் என்பதற்கு அடையாளமாக. போன சனிக்கிழமை எங்கள் பாதையில் மூன்று மரங்களில் நாடா கண்டேன். இரண்டு வாளி நிறைத்தேன். மிச்சம் புல்லுக்குள் குளவி மொய்க்கக் கிடந்தது.