வால்வு எரிந்தால் போதுமா?



பேஸ் கிடார் வாசிக்கும் என் பேரன், 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் சின்ன வால்வு ப்ரீஆம்ப் ஒன்றைக் காட்டி, "இது இருந்தா பெரிய வால்வு ஆம்ப் சத்தமே வந்துடும் தாத்தா" என்றான். சேர்த்த பணம் முழுவதையும் அதில் போடப் பார்த்தான். வேண்டாம் என்றேன்.

12ஏஎக்ஸ்7 வால்வின் இழை சிவக்க 12 வோல்ட் போதும். அதன் பிளேட்டுக்கோ 100 முதல் 250 வோல்ட் வேண்டும். உள்ளே வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட் இல்லாவிட்டால் ஒலி சீக்கிரமே நசுங்கிவிடும். தவிர, வால்வு ஆம்ப்பின் குணத்தில் பவர் வால்வு, அவுட்புட் டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் மூன்றுக்கும் பங்குண்டு. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்!

பேஸின் தடித்த தந்தி நொடிக்கு 41 முறைதான் அதிரும். அதைக் கேட்கவைக்க வலு வேண்டும், பெரிய ஸ்பீக்கர் வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: குரல் அடுத்த ஊர்வரை போகும், பேஸ் கிடார் மட்டும் காணாமல் போயிருக்கும்.

என் கருத்து இதுதான். முதலில் நல்ல ஸ்பீக்கரும் வலுவான டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பும் வாங்கட்டும். வால்வு ப்ரீஆம்ப் பிறகு. அது ஒலிக்கு நிறம் தரும், பலம் தராது.

மைக்செட் தொழிலில் இருக்கும் என் மாணவர்களே, தவறிருந்தால் திருத்துங்கள். பேரன் இன்னும் என்னோடு பேசவில்லை.