கட்டவிழ்த்த நாய்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் கடந்தவர்களுள் நானும் ஒருவன். வளர்ப்பு நாயின் கட்டை அவிழ்த்துவிட்டதே அதற்குச் செய்ய முடிந்த ஒரே உபகாரம்.

இன்று புலம்பெயர் உறவுகள் நாய், பூனையோடு ஊருக்கு வர விரும்புகின்றனர். அவற்றுக்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியும் விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் ஊர் நாய்க்கும் உள்ளூராட்சிப் பதிவைக் கோருகிறது. நம்மில் எத்தனை பேர் பதிந்தோம்?

ஆபத்து விருந்தாளி நாயிடம் இல்லை. நம் ஒழுங்கையில் ஊசி போடாமல் திரியும் நாயிடமே உள்ளது. பிரதேச சபைகள் தடுப்பூசியையும் பதிவையும் ஒரே நாளில், வாசிகசாலை முற்றத்தில் நடத்தட்டும். கழுத்துப் பட்டியில் ஓர் இலக்கம் இருந்தால், கைவிடப்பட்ட நாயும் எவருடையதென்று ஊர் அறியும்.